பன்னிரண்டு அடிச் சுவரில் பழைய தாம்பரம் ஸ்டேஷன்

(நமது சமுதாயக் கூடத்தில் நடந்த பொங்கல் விழாவில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. விழாவுக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம்.)

கோலப் போட்டிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் சார் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுகிறேன்.

எனக்குப் பின்னால் மேஜையில் இருப்பதை நோட்டீஸ் போர்டில் "பொம்மை ரயில்" என்று போட்டிருந்தார்கள். சரிதான், மறுக்க மாட்டேன். ஆனால் இது ஏதோ ஒரு ரயில் இல்லை. 2004 வரைக்கும் நம் ஊரில் ஓடிய மீட்டர் கேஜ் மின்சார ரயிலும், அது வந்து நின்ற பழைய தாம்பரம் ஸ்டேஷனும். இங்கே முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த வண்டி நினைவிருக்காது. மற்றவர்களுக்கு அதன் ஆட்டம் இன்னும் இடுப்பில் இருக்கும்.

கொஞ்சம் சரித்திரம் சொல்லிவிடுகிறேன். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது 1931-இல். அப்போது சவுத் இந்தியன் ரயில்வே. தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர். இந்தியாவில் மற்ற ஊர்களில் மின்சார ரயில் என்றால் பிராட் கேஜ்தான். மீட்டர் கேஜில் மின்சாரம் ஓடியது நம் தடத்தில் மட்டும். பிறகு அதை விழுப்புரம் வரை நீட்டினார்கள். 2004 ஜூலையோடு கடற்கரை, தாம்பரம் மீட்டர் கேஜ் சேவை முடிந்தது. எழுபது வருஷத்துக்கு மேல் இந்த ஊரைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக வெட்டிக்கொண்டு ஓடிய வண்டி அது.

நான் அந்த வண்டியில் இருபத்திரண்டு வருஷம் சீசன் டிக்கெட். அது போகப்போகிறது என்று தெரிந்ததும் 2003-இல் ஒரு டேப்பையும் நாற்பது பக்க நோட்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பிளாட்பாரத்துக்குப் போவேன். தூணுக்குத் தூண் எத்தனை அடி, கூரை எவ்வளவு உயரம், சிமெண்டு பெஞ்சு எத்தனை, தண்ணீர்க் குழாய் எந்தத் தூணுக்குப் பக்கத்தில், எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு போர்ட்டர் என்னை கான்ட்ராக்டர் என்று நினைத்து, "எப்ப சார் வேலை ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டார். அந்த நோட்டை வைத்துத்தான் முதல் லேஅவுட்டைக் கட்டினேன்.

அப்போது முடிச்சூர் பக்கம் தரைத்தள வீடு. எல்லோரும் செய்கிற தப்பையே நானும் செய்தேன். எட்டடிக்கு நாலடி பிளைவுட் வாங்கி, அறைக்குள்ளேயே கால் அடித்து, அறைக்குள்ளேயே ஒட்டி முடித்தேன். முடித்த பிறகுதான் தெரிந்தது, அது வாசல் வழியாக வெளியே வராது. "வெளியே எதுக்கு வரணும்?" என்று மனைவியிடம் சொன்னேன்.

2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்றுத் தண்ணீர் ஏரித் தண்ணீரோடு சேர்ந்து முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் வந்தது. வீட்டுப் பத்திரம், மாத்திரை, இரண்டு மாற்றுத்துணி, ஒரு எவர்சில்வர் தூக்கில் மூன்று எஞ்சின், இவ்வளவுதான் மேல் வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது. நாலு நாள் கழித்துக் கதவைத் திறந்தபோது பிளைவுட் அப்பளம் மாதிரி உரிந்து கிடந்தது. தண்டவாளத்தில் சேறு. அதெல்லாம் போகட்டும், காசு கொடுத்தால் கிடைக்கும். அந்த நாற்பது பக்க நோட்டு மேஜைக்குக் கீழே டிராயரில் இருந்தது. பேனா எழுத்து முழுக்க நீலக் கறையாகிவிட்டது. அதற்குள் பழைய பிளாட்பாரமும் மாறிவிட்டிருந்தது. திரும்பப் போய் அளக்க எனக்கு எதுவும் இல்லை.

மூன்று வருஷம் ரயில் என்கிற பேச்சையே எடுக்கவில்லை. இந்த அபார்ட்மெண்டுக்கு வந்த பிறகு, லாஃப்டில் கழுவி வைத்திருந்த மூன்று துண்டுத் தண்டவாளம் கண்ணில் பட்டது. இரண்டாவது லேஅவுட் அதிலிருந்து ஆரம்பித்தது. இந்த முறை ஒரே ஒரு நிபந்தனை: ஒரு ஆள், பத்து நிமிஷத்தில், எல்லாவற்றையும் கழற்றித் தூக்கிவிட வேண்டும்.

இனி வேலை விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இங்கே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று தெரியும், லிஃப்டில் என்னை நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் அளவு. உலகத்தில் அதிகம் பேர் செய்வது எச்.ஓ. என்கிற அளவு. நிஜத்தில் 87 மீட்டர் இருப்பது நம் மேஜையில் ஒரு மீட்டர். ஐந்தரை அடி மனிதர் 19 மில்லிமீட்டர். இதைவிடச் சின்னது என் அளவு, 160-இல் ஒரு பங்கு. இடம் குறைவு என்பதால் என் அளவை எடுக்கச் சொல்வார்கள். என் கண்ணுக்கும் கைக்கும் அது ஒத்துவரவில்லை. அறுபது தாண்டியவர்கள் எச்.ஓ.வோடு நின்றுகொள்வது நல்லது.

இதில் நம் நாட்டுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கடையில் வாங்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டர், அதாவது ஐரோப்பாவின் ஸ்டாண்டர்ட் கேஜ். நம் பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர். அதற்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். அதனால்தான் இந்திய வண்டி மாடல்களை அந்தத் தண்டவாளத்தில் வைத்தால் பெரிய ஆள் சின்னச் செருப்புப் போட்ட மாதிரி இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. சென்னையில் அந்தத் தண்டவாளத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற வண்டி ஒன்றே ஒன்றுதான், நம் மெட்ரோ. அது ஸ்டாண்டர்ட் கேஜ்.

மீட்டர் கேஜ்காரனான எனக்கு இதில் அதிர்ஷ்டம். ஒரு மீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்து மலை ரயில்களும் மீட்டர் கேஜ்தான். அதற்காகவே 12 மில்லிமீட்டர் தண்டவாளம் செய்கிறார்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை நானும் மன்னித்துவிட்டேன், தண்டவாளமும் மன்னித்துவிட்டது. டி.டி. என்று இன்னொரு அளவு உண்டு, 120-இல் ஒரு பங்கு. அதற்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம்தான். டி.டி. எஞ்சினின் சக்கரமும் மோட்டாரும் உள்ள அடிப்பகுதியை மட்டும் எடுத்து, மேலே நம் மின்சார ரயிலின் உடம்பை பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி மாட்டினேன். நம் வண்டியை யாரும் கடையில் விற்பதில்லை. செய்துதான் ஆக வேண்டும்.

விலை பற்றிக் கேட்பீர்கள். வெளிநாட்டுச் சாமான் குறைந்த விலை இல்லை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. ரயில் மாடலும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. அதனால் மோட்டாரும் தண்டவாளமும் மட்டும் வாங்குவது, மற்ற எல்லாவற்றையும் தாம்பரம் மார்க்கெட்டில் தேடுவது என்று வைத்துக்கொண்டேன். அதில்தான் சுவாரசியமே.

அடுத்தது, வட்டம் வேண்டாம். ரயில் செட் வாங்கினால் வட்டமாகத்தான் போடச் சொல்லும். எச்.ஓ.வில் சாதாரண வளைவுக்கே பதினெட்டு அங்குல ஆரம் வேண்டும், அதாவது வட்டத்துக்கு மூன்றரை அடி அகலத்துக்கு மேல் மேஜை. அபார்ட்மெண்ட் படுக்கையறையில் அதை வைத்தால் கட்டிலை விற்க வேண்டும். மின்சார ரயிலுக்கு வட்டமே தேவையில்லை. டிரைவர் இந்த முனையிலிருந்து இறங்கி அந்த முனைக்கு நடப்பார், வண்டி திரும்பிப் போகும். ஆகவே சுவரோரமாக ஒரு ஷெல்ஃப் போதும். என் பையன் அறைச் சுவர் பன்னிரண்டு அடி. 90 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலத்தில் நாலு பலகை. நிஜக் கணக்கில் இது 313 மீட்டர் தூரம். கடற்கரை முதல் தாம்பரம் வரை 29 கிலோமீட்டரையும் அப்படியே செய்ய ஆசைப்பட்டால் 333 மீட்டர் மேஜை வேண்டும், நம் காம்பவுண்டுக்குள் அடங்காது. எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் பெரிய வேலை. நான் குரோம்பேட்டையை விட்டேன், பல்லாவரத்தை விட்டேன். சானடோரியத்தின் ஓரமும், தாம்பரத்தின் ஒரு பிளாட்பாரமும் மட்டும். நாலாவது பலகையில் பச்சைமலை. அது அழகுக்காக இல்லை. மலைக்குப் பின்னால் வண்டி ஒளிந்துகொள்ளும். இரண்டு நிமிஷம் கழித்து வெளியே வந்தால் கடற்கரைக்குப் போய்விட்டு வந்ததாக அர்த்தம்.

பலகைக்குக் கனமான பிளைவுட் வேண்டாம். மொட்டைமாடியில் வெயில் இறங்காமல் இருக்கப் போடுகிறார்களே, அந்த எக்ஸ்.பி.எஸ். பலகை. சுற்றி மெல்லிய பிளைவுட் சட்டம். ஒரு கையில் தூக்கலாம். பலகைக்குப் பலகை போல்ட்டும், கையால் திருகுகிற நட்டும். வயருக்கு பிளக். எக்ஸ்.பி.எஸ்.ஸிலும் தெர்மோகோலிலும் செருப்புக்கு ஒட்டும் பசையைத் தடவாதீர்கள், பள்ளமாகக் கரைந்துவிடும். ஃபெவிகால் போதும். ராத்திரி முழுக்கக் காய விட வேண்டும். மழைக்காலமாக இருந்தால் இரண்டு ராத்திரி.

ஜல்லி. இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஒரு எஞ்சினை இழந்தேன். தண்டவாளத்துக்கு நடுவே போடும் ஜல்லிக்கு எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்தால் நடுத்தரமான குருணை கிடைக்கும். முதல் முறை கடற்கரை மணலைக் கொண்டுவந்து போட்டேன். நம் கடற்கரை மணலில் கறுப்புத் துகள்கள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் காந்தத்தில் ஒட்டுகிறவை உண்டு. எஞ்சினுக்குள் இருக்கும் மோட்டாரிலும் காந்தம். ஒரே வாரத்தில் எஞ்சின் காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி சத்தம் போட்டது, பிறகு நின்றேவிட்டது. ஆகவே எந்த மணலானாலும் கழுவிக் காயவைத்து, ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி மூன்று தடவை உள்ளே விட்டுத் துழாவுங்கள். ஒட்டுவதைக் கொட்டிவிடுங்கள். பிறகு ஜல்லியைத் தூவி, ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அந்த ஒரு சொட்டு இல்லாவிட்டால் பசை மணலுக்குள் இறங்காது, முத்து மாதிரி உருண்டு மேலேயே நிற்கும்.

மண் தரைக்கு டீத்தூள் சக்கையைக் காயவைத்துப் போடலாம் என்பார்கள். அழகாகத்தான் இருக்கும், நவம்பர் வரை. அப்புறம் பூஞ்சை பூத்து, தாம்பரத்தில் பனி பெய்த மாதிரி ஆகிவிடும். ஒருமுறை அடுப்பில் வறுத்துப் போட்டுப் பார்த்தேன், வீடு முழுக்க வாசனை. அதற்கப்புறம் என்னை சமையலறைக்குள் விடுவதில்லை. இப்போது சலித்த தேங்காய் நார்த்தூள், மேலே பெயிண்ட். அந்தப் பனைமரங்கள் கம்பியில் நார் சுற்றி, பச்சைக் காகிதத்தை விசிறியாக மடித்து வெட்டியவை. ஏ பிளாக் குழந்தைகள் இரண்டு பேர் செய்தது. என் மரங்களைவிட நன்றாக இருக்கிறது.

வண்டி நின்று நின்று போகிறது என்பதுதான் எல்லோருடைய புகாரும். எஞ்சினைக் குறை சொல்வார்கள். பத்தில் ஒன்பது முறை குற்றவாளி தண்டவாளம். மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது, அதுவும் 12 வோல்ட்தான். தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் சின்ன உலோக இணைப்பு நம் ஊர் ஈரக்காற்றில் ஆறு மாதத்தில் கறுத்துவிடும். அதை நம்பாதீர்கள். ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் கீழிருந்து தனி வயர் சால்டர் செய்து, பலகைக்கு அடியில் ஓடும் இரண்டு தடிமனான வயரில் சேர்த்துவிடுங்கள். சலிப்பான வேலை. ஒருமுறை செய்தால் தீர்ந்தது. மேலே துடைக்க மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பனியன் துணியும். உப்புத்தாள் கூடாது, கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். சால்டரிங் செய்யும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், சின்னக் குழந்தைகளைத் தள்ளி உட்கார வையுங்கள்.

போன வருஷம் செய்த பெரிய மாற்றம் டி.சி.சி. பழைய முறையில் வோல்டேஜைக் கூட்டினால் தண்டவாளத்தில் இருக்கிற எல்லா வண்டியும் சேர்ந்து ஓடும். டி.சி.சி.யில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு எண். எண்ணைக் கூப்பிட்டால் அந்த வண்டி மட்டும் கேட்கும், நம் இன்டர்காம் மாதிரி. கடையில் வாங்கினால் செலவு அதிகம். ஆர்டுயினோ போர்டில் ஏற்றிக்கொள்ள டி.சி.சி.-இ.எக்ஸ். என்று இலவச மென்பொருள் இருக்கிறது. எனக்கு அதில் ஓர் எழுத்தும் புரியவில்லை. டி பிளாக்கில் இன்ஜினியரிங் படிக்கும் பையன் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் ஏற்றிக் கொடுத்தான். இப்போது போனிலிருந்தே வண்டி ஓட்டலாம். அவனுக்கு நான் ஒரு வருஷத்துக்குக் காபி பாக்கி.

வெளியூர் போகிறவர்களுக்கு இரண்டு இடம் சொல்கிறேன். புனேயில் கோத்ருட் பகுதியில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம், 1998-இல் ஆரம்பித்தது, ஒரு தனி மனிதரின் பிடிவாதத்தால் உருவானது. ஜெர்மனியில் பிள்ளைகள் இருந்தால் ஹாம்பர்க்கில் மினியாட்டூர் வுண்டர்லாண்ட், இரட்டைச் சகோதரர்கள் 2001-இல் தொடங்கியது, அதுவும் எச்.ஓ.தான். நம் ஊரில் ஐ.சி.எஃப். பக்கத்தில் நியூ ஆவடி சாலையில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்தில் பழைய நிஜ வண்டிகளையே தொட்டுப் பார்க்கலாம்.

பத்து நிமிஷக் கணக்கு என்று சொன்னேன் இல்லையா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்ட் இல்லை, தரைத்தளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டாவது மாடி, ரயிலுக்கு ஆபத்து இல்லை. ஆனால் கீழ்வீட்டில் நாலு பேர், அதில் ஒருவர் எண்பது வயது. டார்ச் வெளிச்சத்தில் கழற்றினேன். பன்னிரண்டு நிமிஷம் ஆனது. பலகைகள் பீரோவுக்குப் பின்னால் நின்றன, அந்த அறையில் அவர்கள் இரண்டு ராத்திரி படுத்திருந்தார்கள். அந்தத் தாத்தாதான் பெஞ்சில் படுத்தபடி மலைப் பலகையைப் பார்த்துவிட்டு, "குழாய் தப்பான தூண்ல இருக்கே" என்றார். அவர் சொன்னது சரி.

அதனால்தான் இன்று உங்களிடம் வந்திருக்கிறேன். நோட்டுப் போய்விட்டது. ஆனால் உங்கள் ஆல்பங்கள் இருக்கின்றன. கல்யாணம் முடிந்து பெண்ணை ரயிலேற்றி விட்டது, கிறிஸ்தவக் கல்லூரியில் கடைசி நாள், ஏர்ஃபோர்ஸ் போஸ்டிங்குக்கு வழியனுப்பியது, இப்படி எதிலாவது பின்னணியில் பழைய பிளாட்பாரம் தெரியும். முகம் முக்கியம் என்று நீங்கள் நினைப்பீர்கள், எனக்குத் தூண் முக்கியம். அந்தப் படத்தில் தண்டவாளம் தெரிந்தால் இன்னும் நல்லது. இரண்டு கம்பிக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர் என்பதால், படத்துக்குள்ளேயே ஒரு ஸ்கேல் கிடைத்துவிடுகிறது. தூணுக்கு நேர் எதிரே இருக்கும் இடத்தில் அந்த அகலத்தை அளந்து, அதை வைத்து மற்றதைக் கணக்கிடலாம். தூரத்தில் இருக்கும் கம்பியை அளந்தால் தப்பாகிவிடும், அது மட்டும் கவனம்.

இதுவரை நாலு படம் வந்திருக்கிறது. பி பிளாக் மாமி ஒருவர் 1981-இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் கொடுத்தார். அதிலிருந்து கூரையின் உயரமும் மூன்று தூண்களின் இடைவெளியும் கிடைத்தன. படத்தின் ஓரத்தில் அவருடைய அப்பா குடையோடு நிற்கிறார், வெயிலுமில்லை மழையுமில்லை. "எங்கப்பாவையும் வைக்கிறதா இருந்தா எடுத்துக்கோ" என்று சொல்லித்தான் படத்தைக் கொடுத்தார். வைத்திருக்கிறேன். இரண்டாவது தூண், 19 மில்லிமீட்டர் உயரம், கையில் குடை. குண்டூசியில் செய்த குடை. சாப்பாட்டுக்குப் போகும்போது மாமி பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இன்னும் வேண்டியது: மேற்குப் பக்க வாசல், டிக்கெட் கவுண்டர், புத்தகக் கடை இருந்த மூலை. அசல் படம் வேண்டாம், என் வீட்டுக்கு வந்தால் போனில் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். சனிக்கிழமை சாயங்காலம் நாலு முதல் ஆறு வரை கதவு திறந்திருக்கும். தீபாவளி வாரம் மட்டும் வேண்டாம், பையன் வருவான், அறை அவனுடையது.

செயலாளர் சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். குழந்தைகளே, ஒவ்வொருவராக வரிசையில் வாருங்கள். பிளாட்பாரத்தில் கை வைக்கக் கூடாது. வண்டி மலைக்குப் பின்னால் நிற்கிறது. இந்தப் பச்சை பட்டனை யார் முதலில் அழுத்துவது?